காய்ச்சலின் கதை – 14: நடுக்கம் நின்ற பிறகு

எத்தியோப்பியாவின் மேட்டுநிலங்களில் மழையும் குளிரும் கூடும் மாதங்களில் ஒரு காய்ச்சல் தலைதூக்கும். உடுப்பில் ஒண்டும் பேன்தான் அதைப் பரப்புகிறது. கிருமி சுருள் வடிவம்; பெயர் பொரீலியா ரிகரன்டிஸ். விட்டு விட்டு வருவதால் மீள்காய்ச்சல் என்பார்கள். பெனிசிலினோ டெட்ராசைக்ளினோ ஒரே ஒரு வேளை போதும், கிருமி ஒழிந்துவிடும். ஆபத்து தொடங்குவதும் அந்த ஒரு வேளைக்குப் பிறகுதான்.

மருந்து போய் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நோயாளி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். பல் கிட்டும், கட்டில் ஆடும். செத்த கிருமிகளின் சிதறல்களைக் கண்டு வெள்ளணுக்கள் டிஎன்எஃப் போன்ற புரதங்களைக் கொட்ட, மூளை உடலின் வெப்ப இலக்கை உயர்த்திவிடுகிறது. சூடு வெளியே போகாதிருக்கத் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. ஹோஸ் பைப்பின் வாயை விரலால் அழுத்தியதுபோல் உள்ளே அழுத்தம் ஏறும். கை நடுங்குகிற நடுக்கத்தில் பிபி பார்ப்பதே பெரும்பாடு. பார்த்தால் வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். விரல் நுனி சில்லிட்டிருக்கும், உள்ளே வெப்பமோ 41 டிகிரி செல்சியஸை எட்டும்.

அரை மணிக்குள் நடுக்கம் நிற்கும். முகம் சிவந்து வியர்வை பெருகும், கை கால் கதகதப்பாகும். ‘அப்பாடா, குளிர் விட்டுச்சு’ என்று உறவினர்கள் மூச்சு விடுவார்கள். என் கணக்கில் பயப்பட வேண்டிய நேரமே இதுதான். சுருங்கியிருந்த குழாய்கள் இப்போது ஒருசேர விரிகின்றன. இதயம் முன்பைவிட வேகமாக இறைத்தும் அழுத்தம் நிற்பதில்லை, சரிந்துகொண்டே போகும். இந்த நிலை பல மணி நேரம் நீடிக்கலாம். சலைனைத் தாராளமாக ஏற்றலாமே என்றால், இந்த நோயில் இதயத் தசையே நைந்திருக்கக்கூடும்; அளவு மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

இதற்கு யாரிஷ்–ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயர். சிபிலிஸுக்குப் பாதரசம் கொடுத்தபோது 1895இல் யாரிஷும், 1902இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹெர்க்ஸ்ஹைமரும் எழுதிவைத்தார்கள். யூதரான ஹெர்க்ஸ்ஹைமரை 81 வயதில் நாஜிகள் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பினார்கள். 1942இல் அங்கேயே இறந்தார். அவர் பெயரைத் தினமும் உச்சரிக்கும் வார்டுகளில் இதைச் சொல்வோர் குறைவு.

அடிஸ் அபாபாவில் பெனிசிலினுக்கு முன் டிஎன்எஃப்பை முடக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்திப் பார்த்தார்கள். 1996இல் முடிவு வெளியானது. எதிர்வினை குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. நம் ஊர் எலிக்காய்ச்சலும் சுருள்கிருமி வேலைதான். அதிலும் முதல் ஊசிக்குப் பிறகு இந்த நடுக்கம் வருவதுண்டு.

ஆகவே மீள்காய்ச்சல் வார்டில் ஒரு கண்டிப்பு: மருந்து கொடுத்த பின் 24 மணி நேரம் நோயாளி எழுந்து நிற்கக் கூடாது. நின்றால் பிபி சட்டென்று விழும், துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். ‘இப்பத்தான் நல்லா இருக்கே, பாத்ரூம் வரைக்கும் போய்ட்டு வர்றேன்’ என்பவரிடமும் பெட்பேனைத்தான் நீட்ட வேண்டும்.