தலைக்கு மேலே ஒரு தொட்டில்

கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். 1898இல் பிளேக் பெங்களூரை உலுக்கிய பின், காற்றும் வெளிச்சமும் புகும்படி திட்டமிட்டு எழுப்பிய பகுதி இந்த பிரேசர் டவுன். மைசூரில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைத் தாங்குகிறது. இந்நகரின் சாலைகளுக்குக் குடைபிடிக்கும் தூங்குமூஞ்சி மரமோ மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பொழுது சாய்ந்தால் இலைகளை மடக்கிக்கொள்ளும்.

அம்மரத்தின் காய்ந்த கிளையை வீண் என்று நினைக்க வேண்டாம். அதன் அடிப்பக்கத்தில் எலுமிச்சை அளவில் வட்டத் துளை தெரிகிறதா? செம்மார்புக் குக்குறுவான் அலகால் கொத்திக் குடைந்த வீடு அது. செம்புப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல் விடாமல் கேட்பது அதன் குரல்தான்.

ஊதாத் தேன்சிட்டு இன்னும் நெருங்கி வரும். பால்கனிச் செம்பருத்தியில், துணிக்கொடியில்கூடத் தொங்கும் அதன் கூடு. நார்களையும் சருகுகளையும் சிலந்தி நூலால் பிணைத்துப் பெண் சிட்டே கட்டுகிறது. பக்கவாட்டில் வாசல், அதற்குமேல் மழை இறங்காதபடி சின்ன முன்கூரை, உள்ளே பெரும்பாலும் 2 முட்டைகள். வெளியே பட்டைத் துணுக்குகளை ஒட்டிவைப்பதால் பார்வைக்கு வெறும் ஒட்டடை போலவே இருக்கும். துடைப்பத்துக்கு இரையாவதும் அதனால்தான். ஒட்டடை அடிக்குமுன் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். சிட்டு வந்து போனால், குஞ்சுகள் பறக்கும்வரை அந்த மூலையை அதற்கே விட்டுவிடுங்கள்.