தங்கச்சி கையெழுத்து எங்கே? - மனைத் தொழிலில் பெண்களும் வழிகாட்டலும்

ஒரு முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அரை மணி நேரம் நின்று பாருங்கள். கைரேகை வைக்கவும் போட்டோ எடுக்கவும் டோக்கனோடு காத்திருப்பவர்களில் பெண்கள் நிறையவே இருப்பார்கள். பக்கத்துப் பத்திர எழுத்தர் கடையில் டைப் அடிப்பவரும் பெண்ணாக இருப்பார். வங்கியிலிருந்து கடன் காசோலையோடு வந்திருப்பவரும் பெண்ணாக இருக்கலாம். ஆனால் அந்தக் கிரயத்தின் விலையைப் பேசி முடித்தவர்கள் எதிரே டீக்கடையில் நிற்பார்கள். அங்கே ஒரு பெண்ணைப் பார்ப்பது அபூர்வம்.

ரியல் எஸ்டேட்டில் பெண்களின் இடம் என்ன என்பதற்கு இந்தக் காட்சி பாதி விடை. வேலையில் இருக்கிறார்கள், பேச்சில் இல்லை. ஏன் அப்படி, அதை மாற்றுவதில் வழிகாட்டலுக்கு என்ன பங்கு, இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பெண் எங்கே தொடங்கலாம் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்தப் படியில் இருக்கிறார்கள்?

மனைத் தொழிலை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். முதல் படி நிலம் பிடிப்பது: விவசாயியிடமோ குடும்பத்திடமோ பேசி, விலையை முடித்து, அட்வான்ஸ் கொடுப்பது. இரண்டாவது, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அல்லது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அனுமதி வாங்கி லேஅவுட் போடுவது. மூன்றாவது கட்டுமானம். நான்காவது விற்பனையும் அதற்குப் பிறகான கடன், பதிவு, பட்டா மாற்ற வேலைகளும்.

பெண்கள் அதிகம் இருப்பது நான்காவது படியில். போனில் பேசுவது, சைட் காட்டுவது, கடன் காகிதங்களைச் சேர்ப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் அங்கேதான். கட்டடக்கலை, சட்ட ஆலோசனை, உள் அலங்காரம் ஆகியவற்றிலும் பெண்கள் நன்றாகவே காலூன்றிவிட்டார்கள். முதல் படியில்தான் ஆளில்லை. லாபம் முடிவாவதும், யார் முதலாளி என்று தீர்வதும் அந்த முதல் படியில்தான்.

நிறுவனத்தின் லெட்டர்பேடில் பெண் பெயர் இருப்பதை மட்டும் பார்த்துத் தலைமை வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பொது நிறுவனங்களும் குறைந்தது ஒரு பெண் இயக்குநரை வைத்திருக்க வேண்டும். குடும்பத் தொழிலிலோ மனைவி, மகள் பெயரில் பங்கு இருப்பது காலகாலமாக உள்ள வழக்கம். எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்த நிலத்தை எந்த விலைக்கு வாங்குவது என்ற பேச்சில் அவர் உட்கார்ந்திருக்கிறாரா? காசோலையில் கையெழுத்துப் போடும் முன் அவருக்குக் கணக்குத் தெரியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது தலைமை. இல்லையென்றால் வெறும் பெயர்ப்பலகை.

நிலம் யார் கையில் இருந்தது?

முதல் படியில் பெண்கள் இல்லாததற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்ல முடியாது. நிலமே அவர்கள் கையில் இல்லை என்பதுதான் வரலாறு. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. ஆனால் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் வரும் உரிமை ஆண்களிடமே இருந்தது. அதில் மகளையும் சேர்த்துத் தமிழ்நாடு 1989-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அன்றைக்குத் திருமணம் ஆகாத பெண்களுக்குத்தான் அது பொருந்தியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-ல் வந்தது. அது அமலுக்கு வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்தியது.

சட்டம் வந்தாலும் பழக்கம் உடனே வந்துவிடவில்லை. 'சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு' என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் மகளிடம் கையெழுத்து வாங்கும் வீடுகள் இன்றும் உண்டு. சொந்த வீட்டு நிலத்தின் பேச்சிலேயே உட்கார்ந்து பழகாத பெண், ஊரார் நிலத்தின் பேச்சில் போய் உட்காரத் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தை ஒரு நாள் பயிற்சி வகுப்பு போக்கிவிடாது. ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவர் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட வேண்டும். வழிகாட்டல் என்பது அதுதான்.

வழிகாட்டி கொடுக்க வேண்டிய மூன்று

வழிகாட்டல் என்றதும் 'தைரியமா இரு, உன்னால முடியும்' என்று தோளைத் தட்டுவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். அதனால் ஒரு கிரயமும் முடியாது. கொடுக்க வேண்டியவை மூன்று: பார்வை, தொடர்பு, பெயர்.

பார்வை என்பது காகிதத்தைப் படிக்கும் கண். ஒரு உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு பெண்ணிடம், அனுபவமுள்ள அக்கா ஒருவர் வில்லங்கச் சான்று ஒன்றைக் கொடுக்கிறார்.

"இதுல என்ன இருக்குன்னு எல்லாரும் படிப்பாங்க. என்ன இல்லன்னு நீ சொல்லு."

1996-ல் மறைந்த தந்தையின் வீட்டுமனையை இரண்டு மகன்கள் பாகம் பிரித்த பத்திரம் ஒரு வரி. 2011-ல் மூத்தவர் தன் பாகத்தை விற்ற கிரயம் அடுத்த வரி. அடமானம் எதுவும் நிலுவையில் இல்லை. பட்டாவும் இப்போதைய உரிமையாளர் பெயரில் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு எல்லாம் சுத்தமாகத்தான் தெரிகிறது. அக்கா வாரிசுச் சான்றை எடுத்து மேலே வைக்கிறார். அதில் மூன்று பிள்ளைகள். மூன்றாவது பெயர் ஒரு மகள்.

"தங்கச்சி கையெழுத்து எங்க?"

தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயிலும் இல்லை என்றால் அந்த மகளுக்கும் பங்கு உண்டு. அவர் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு அவரோ அவருடைய பிள்ளைகளோ வழக்குப் போட்டால் வாங்கியவர் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். அவரிடம் முறையான விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும், அல்லது அவரையும் கிரயத்தில் சேர்த்து எழுத வேண்டும். எது சரி என்று வழக்கறிஞர் சொல்வார். ஆனால் வழக்கறிஞரிடம் போக வேண்டிய கேள்வி இது என்று கண்டுபிடிப்பது தரகரின் வேலை.

இன்னும் சிலவும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பிடிபடும். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும், பதிவாகாத உயில் வராது. பட்டா வருவாய்த் துறையின் ஆவணம், அது ஒன்றே உரிமையை நிரூபித்துவிடாது, மூலப் பத்திரத்திலிருந்து சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். பத்திரத்தில் உள்ள அளவும் புல வரைபடத்து அளவும் ஒத்துப்போக வேண்டும். கோயில் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா, பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமா என்று பழைய வருவாய்ப் பதிவேடு வரை போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தொடர்பு. நம்பகமான வழக்கறிஞர், அளந்து சொல்லும் சர்வேயர், பிழையில்லாமல் எழுதும் பத்திர எழுத்தர், கடனை இழுத்தடிக்காத வங்கிக்காரர். ஒரு தரகரின் உண்மையான முதலீடு இந்த நான்கு போன் எண்கள். ஆண்கள் இவற்றை டீக்கடையில் சேர்த்துக்கொள்கிறார்கள். பெண்ணுக்கு யாராவது கொடுத்தால்தான் உண்டு.

மூன்றாவது, பெயர். "இந்த டீலை இவங்கதான் பாக்கறாங்க, விலை எதுவானாலும் இவங்ககிட்டயே பேசிக்கோங்க" என்று பில்டரிடமோ நிலக்காரரிடமோ ஒரே ஒரு முறை சொல்வது. மூன்றிலும் செலவு மிக்கது இது. சொன்னவரின் பெயர் அடமானத்தில் இருக்கிறது. அதனால்தான் பலர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

டல்லாஸில் ஒரு தொப்பிக்கடை

இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. எபி ஹாலிடே அங்கே பெண்களுக்கான தொப்பிக் கடை நடத்திக்கொண்டிருந்தார். விலை போகாமல் கிடந்த சிமென்ட் சுவர் வீடுகளை விற்றுத் தர முடியுமா என்று, வாடிக்கையாளர் ஒருவரின் கணவர் கேட்டார். எபி வெறும் வீட்டைக் காட்டவில்லை. திரைச்சீலை, விரிப்பு, மேசை நாற்காலி போட்டு, குடியிருந்தால் எப்படி இருக்கும் என்று காட்டி விற்றார். 1945-ல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். பெண் என்பதற்காகக் கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் வந்ததே 1974-ல்தான் என்பதை நினைத்தால் அந்தத் துணிச்சலின் அளவு தெரியும்.

நமக்கு முக்கியமானது அதற்கு அடுத்த கட்டம். 1958-ல் மேரி பிரான்சஸ் பர்ல்சன் என்பவர் அங்கே செயலாளராக வேலைக்குச் சேர்ந்தார். படிப்படியாக மேலே வந்து 1989-ல் அதே நிறுவனத்தின் தலைவரானார். எபி 2015-ல் 104 வயதில் காலமானபோது நிறுவனம் தடுமாறவில்லை. கடிதம் டைப் அடிக்க வந்தவர் கையில் நாற்காலியை ஒப்படைக்க 31 ஆண்டுகள் ஆயின. வழிகாட்டல் மெதுவான வேலை. முதல் ஆளை விட இரண்டாவது ஆளை வைத்துத்தான் அதை அளக்க வேண்டும்.

இங்கே தொடங்குவது எப்படி?

முதலில் சொந்தப் பெயரில் ஒரு முகவர் பதிவு எண் வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி (ரெரா), அதன் கீழ் பதிவான திட்டத்தின் மனையையோ பிளாட்டையோ விற்றுத் தரும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்தின் விலையில் 5 சதவீதம் வரை அபராதம் போகலாம். தமிழ்நாட்டில் தனிநபரும் பதிவு செய்யலாம். கணவர், அண்ணன், முதலாளி பெயரில் இருக்கும் எண்ணில் உழைத்தால் பத்து வருடம் கழித்தும் அனுபவம் அவர்கள் கணக்கில்தான் ஏறும்.

வாங்க வருபவருக்குச் சொல்ல வேண்டிய சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ரெரா திட்டத்தில், பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. வாங்கும் பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. இதை நம்பி மனைவி பெயரில் மனை வாங்க வருபவர்கள் உண்டு. அந்த மனைவியிடம் காகிதங்களை விளக்கிச் சொல்லும் முதல் ஆளாக நீங்கள் இருக்கலாம்.

கமிஷனை முதலிலேயே பேசிவிடுங்கள். 30 லட்சம் ரூபாய் மனைக்கு ஒரு தரப்பில் 1 சதவீதம் என்றால் 30,000 ரூபாய். பார்ட்டியைக் கொண்டுவந்தவர், நிலத்தைக் கொண்டுவந்தவர், சைட் காட்டியவர் என்று அது உடையும்போது பெண்ணின் பங்குதான் முதலில் கரையும். யாருக்கு எவ்வளவு, எப்போது என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

சைட் விசிட்டைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். புது ஆளோடு தனியாகப் போக வேண்டாம், போகும் இடத்தை ஒருவருக்கு அனுப்பிவிட்டுப் போங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013 அலுவலகச் சுவரோடு நின்றுவிடுவதில்லை. வேலைக்காகப் போகும் இடமும் அதில் பணியிடம்தான். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமானாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம்.

எது வழிகாட்டல் ஆகாது?

'அக்கா, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்று சொல்லி, முதலில் நீங்களே ஒரு மனை வாங்க வேண்டும், பிறகு ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்பார்கள் சிலர். அங்கே நீங்கள்தான் வாடிக்கையாளர். சொந்தக்காரர்களும் சுய உதவிக் குழுத் தோழிகளும் அடுத்த வாடிக்கையாளர்கள். ஒரு மனையில் சிக்கல் வந்தால் நிறுவனத்தின் போன் அணைந்திருக்கும், கல்யாண வீட்டில் எதிரே வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்வது நீங்களாக இருப்பீர்கள்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "இந்த மனையோட மூலப் பத்திரத்தைப் பார்க்கலாமா?" வழிகாட்டி எடுத்து வைத்து, பக்கத்தில் உட்காருவார். மற்றவர் பேச்சை மாற்றுவார்.

அதேபோல் வருடக்கணக்கில் காகிதம் தூக்க வைத்து, விலை பேசும் அறைக்குள் ஒரு நாளும் கூப்பிடாதவரும் வழிகாட்டி ஆகமாட்டார். ஆண்களில் நல்ல வழிகாட்டிகள் இல்லாமல் இல்லை. இன்று தொழிலில் நிற்கும் பெண்களில் பலருக்கு முதல் பார்ட்டியை அறிமுகப்படுத்தியவர் ஓர் ஆண் தரகராகவே இருக்கக்கூடும். ஆனால் 1996 பத்திரத்தில் தங்கச்சியைத் தேடும் கண், தானும் ஒரு வீட்டின் தங்கச்சியாக இருந்தவருக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாய்க்கிறது. அந்தக் கண்ணை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டுப் போவதில் செலவு ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தால் போதும்.