கடலோடிகளும் கிரீடங்களும் – 9: மகாராணியின் மௌனம்

சென்ற வாரம் ஜாவாத் தீவின் கரையை விட்டு நன்னம்பிக்கை முனையை நோக்கிப் பாய்விரித்த பிரான்சிஸ் டிரேக், 1580-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி, ஏறக்குறைய மூன்று ஆண்டுக் காலம் கண்காணாத கடல்களில் அலைந்து திரிந்த பிறகு, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள பிளிமத் துறைமுகத்தின் முகப்பை வந்தடைந்தான். கப்பலில் இருந்தவர்கள் தங்கள் கணக்குப்படி அன்று ஞாயிற்றுக்கிழமை என்று எண்ணியிருந்தார்கள். கரையில் உள்ளவர்களுக்கோ அது திங்கட்கிழமை. மேற்குத் திசையாகவே சென்று பூமியை முழுதும் சுற்றி வந்ததில் அவர்கள் கணக்கில் ஒரு நாள் குறைந்து போயிருந்தது. ஆயினும் அந்த விந்தையைப் பற்றிச் சிந்திக்க டிரேக்குக்கு அப்போது அவகாசமில்லை. எதிர்ப்பட்ட மீனவர்களைப் பார்த்து அவன் முதன்முதலாகக் கேட்ட கேள்வி, மகாராணி உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறாரா என்பதுதான் என்று சொல்வார்கள்.

ராஜபக்தி மேலிட்டு அவன் அப்படிக் கேட்டான் என்று கொள்ளலாம். ஆனால் அந்தக் கேள்வியில் அவனுடைய தலையே அடங்கியிருந்தது. எலிசபெத் மகாராணி இறந்திருந்தால், வாரிசுரிமை முறைப்படி அடுத்த பாத்தியதை உள்ளவர் சிறையிலிருந்த ஸ்காட்லாந்து ராணி மேரி. அவர் கத்தோலிக்கர், ஸ்பெயினின் நட்பை நாடி நின்றவர். அப்படிப்பட்ட ஒருவர் சிம்மாசனத்தில் அமர்ந்திருந்தால், அந்தச் சிறிய கப்பலின் அடித்தளத்தில் குவிந்து கிடந்த வெள்ளிக் கட்டிகளே டிரேக்கைத் தூக்குமரத்துக்கு அனுப்பப் போதிய சாட்சியாக இருந்திருக்கும். பெரு நாட்டிலிருந்து பனாமாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரே ஒரு ஸ்பானியக் கப்பலிலிருந்து மட்டும் 26 டன் வெள்ளியும், 80 ராத்தல் தங்கமும், 13 பெட்டி நாணயங்களும் அவன் கைக்கு வந்திருந்தன. இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் அன்று யுத்தம் கிடையாது. யுத்தமில்லாத காலத்தில் அயல்நாட்டுக் கப்பலை மறித்துப் பொருளைக் கவர்வது, எந்தத் தேசத்துச் சட்டப்படி பார்த்தாலும், கடற்கொள்ளையே.

பிளிமத்தில் அப்போது கொள்ளை நோய் பரவியிருந்தது. அதைக் காரணமாகக் கொண்டு டிரேக் ஊருக்குள் காலெடுத்து வைக்காமல், துறைமுகத்தின் நடுவிலிருந்த சிறு தீவுக்குப் பின்னால் நங்கூரம் பாய்ச்சிவிட்டு, லண்டனுக்குத் தூது அனுப்பிக் காத்திருந்தான். மனைவி மேரி படகிலேறி வந்து அவனைக் கண்டாள். நகரத் தலைவரும் கூட வந்து சேதி சொன்னார். சேதி நல்லதாக இல்லை. அவன் அடித்த கொள்ளையைப் பற்றிய தகவல்கள் அவனுக்கு முன்பாகவே ஐரோப்பாவை எட்டிவிட்டன. ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் தூதரான பெர்னார்டினோ டெ மெண்டோசா, களவுபோன பொருளையும் களவாடியவனையும் ஒப்படைக்க வேண்டுமென்று அரண்மனைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் வாசகர்களை இரண்டு ஆண்டுகள் பின்னால் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் லண்டன் அரசவையில் நடந்த போராட்டத்தின் முதல் காட்சி, தென் அமெரிக்காவின் ஆளரவமற்ற ஒரு குடாக்கரையில், 1578-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்திலேயே நடந்தேறியது. செயின்ட் ஜூலியன் என்னும் அந்தத் துறையில், 58 ஆண்டுகளுக்கு முன்னால் மகெல்லன் தன் கலகக்காரர்களைத் தண்டித்த அதே மண்ணில், டிரேக் தன் நண்பனும் பயணத்தில் பங்காளியுமான தாமஸ் டௌட்டியைக் கலகக் குற்றம் சாட்டி விசாரணைக்கு நிறுத்தினான். டௌட்டி சாமானியன் அல்லன். மகாராணியின் அன்புக்குரிய கிறிஸ்டபர் ஹாட்டனிடம் காரியதரிசியாக இருந்தவன். விசாரணையின் நடுவே, பயணத்தின் திட்டம் கஜானா மந்திரியான பர்லி பிரபுவுக்குத் தெரியும் என்று அவன் வாய்தவறிச் சொன்னான். இல்லவே இல்லை என்று டிரேக் மறுக்க, தானே அதை அவருக்குத் தெரிவித்ததாக டௌட்டி கூறினான். அந்தச் சொல்லோடு அவன் கதை முடிந்தது. பர்லி பிரபுவுக்கு மட்டும் இது தெரியக்கூடாது என்று மகாராணியே தனக்குக் கட்டளையிட்டதாக டிரேக் கூடியிருந்தவர்களிடம் முழங்கினான்.

அப்படியானால் அந்தக் கட்டளைப் பத்திரத்தைக் காட்டும் என்று கேட்டால்? டௌட்டியின் பக்கம் நின்ற ஒருவன் எழுதிவைத்த குறிப்பு அந்தக் காட்சியை நம் கண்முன் நிறுத்துகிறது. டிரேக் ஒரு கட்டுக் காகிதங்களைக் கூட்டத்தின் முன் விரிக்கிறான். கடலோடி ஹாக்கின்ஸ் எழுதிய கடிதம், எஸ்ஸெக்ஸ் பிரபு எழுதிய கடிதம், ஹாட்டன் எழுதிய கடிதம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கிறான். கடைசியில், எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கப்பல் அறையிலேயே மறந்து வைத்துவிட்டேனே என்று சொல்லிக் காகிதங்களைக் கட்டிவிடுகிறான். போய் எடுத்துவரச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிவு வரவில்லை. டௌட்டிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை நாளன்று கொல்லப்படுபவனும் கொல்லச் சொன்னவனும் சேர்ந்து மண்டியிட்டுத் திவ்விய நற்கருணை பெற்று, ஒரே மேஜையில் உட்கார்ந்து விருந்துண்டு, ஒருவருக்கொருவர் நலம் பாராட்டி மது அருந்திய பிறகே வெட்டுக்கட்டையை நோக்கி நடந்தார்கள். சில வாரங்கள் கழித்து டிரேக் தன் கப்பலின் ‘பெலிகன்’ என்ற பெயரை மாற்றி, ஹாட்டனின் குலச் சின்னமான பெண்மானின் பெயரால் ‘கோல்டன் ஹைண்ட்’ என்று அழைக்கலானான். ஹாட்டனின் காரியதரிசியைக் கொன்ற கைதான் ஹாட்டனின் சின்னத்தையும் கப்பலுக்குச் சூட்டியது. அரசவை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அதன் மனப்போக்கை அறிந்து நடந்தவன் அவன்.

மகாராணி எழுதிக் கொடுத்த உத்தரவு என்று ஒன்று இருந்ததாக நான் நம்பவில்லை. எழுத்தில் எதையும் கொடுக்காமல் இருப்பதுதான் எலிசபெத்தின் ராஜதந்திரத்துக்கே அஸ்திவாரம். பயணத்துக்குப் பணம் போட்டவர்களில் லெஸ்டர் பிரபு இருந்தார், வால்சிங்காம் இருந்தார், ஹாட்டன் இருந்தார். மகாராணியின் பங்கும் இருந்தது. ஸ்பெயினோடு சமாதானமே நாட்டுக்கு உகந்தது என்று கருதிய பர்லி பிரபு மட்டும் விலக்கி வைக்கப்பட்டார். டிரேக் தோற்றிருந்தால் அவன் யாரோ ஒரு கொள்ளைக்காரன். வென்றதனால்தான் லண்டனுக்கு வரும்படி அவனுக்கு அழைப்பு வந்தது. பயப்பட வேண்டாம் என்ற வார்த்தையோடு, பயணத்தில் கிடைத்த அரும்பொருள்கள் சிலவற்றை உடன் எடுத்துவர வேண்டும் என்ற குறிப்பும் அதில் இருந்தது.

குதிரைகள்மேல் பொருளேற்றிக்கொண்டு வந்த அந்த மாலுமியோடு மகாராணி ஆறு மணி நேரம் தனித்துப் பேசினார். என்ன பேசினார்கள் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அதன் விளைவு மட்டும் அடுத்தடுத்து வந்த உத்தரவுகளில் தெரிகிறது. டெவன் பகுதி அதிகாரி எட்மண்ட் டிரெமெய்ன் என்பவர் கொள்ளைப் பொருளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்யும்படி பணிக்கப்பட்டார். ஆனால் அவர் கணக்கைத் தொடங்குவதற்கு முன்னால் டிரேக் 10,000 பவுன் பெறுமான பொருளைத் தனியே ஒதுக்கிக்கொள்ளலாம் என்றும், இது ஒருவருக்கும் தெரியக்கூடாது என்றும் ரகசியக் கட்டளை வந்தது. மாலுமிகளிடம் வாக்குமூலம் வாங்கப்பட்டது. ஸ்பானியர் யாரையும் தாங்கள் சித்திரவதை செய்யவில்லை என்று அவர்கள் சாட்சி சொன்னார்கள். டிரேக்கின் நாட்குறிப்பும் வரைபடங்களும் மகாராணியின் கைக்குச் சென்றன. அவை பிற்காலத்தில் தொலைந்தே போயின. பயணம் போன வழியைப் பற்றிப் பேசுவதற்கும் தடை விழுந்தது. வெள்ளிக் கட்டிகளில் பெரும்பகுதி லண்டன் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

மெண்டோசா விடவில்லை. ஆனால் அதே செப்டம்பரில், அயர்லாந்தின் ஸ்மெர்விக் என்ற கடற்கரையில், போப்பாண்டவரின் கொடியோடு இத்தாலியரும் ஸ்பானியருமான ஒரு படை இறங்கிக் கலகக்காரர்களுக்குத் துணைநின்றதும், அதன் பின்னே பிலிப்பின் கை இருந்ததும் மகாராணிக்குக் கடவுளே அனுப்பிய பதிலாக வாய்த்தன. என் நாட்டில் உம் மன்னர் படை இறக்கியதற்குச் சமாதானம் கிடைக்கும் வரையில் டிரேக்கைப் பற்றிப் பேச்சில்லை என்று தூதர் நிறுத்தி வைக்கப்பட்டார். நவம்பரில் சரணடைந்த அந்தப் படைவீரர்கள் அறுநூறு பேரளவில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இரண்டு வல்லரசுகளின் சூதாட்டத்தில் அந்த வீரர்கள் வெறும் காய்கள்.

அரசவைக்குள் டிரேக்கின் கை தாராளமாக நீண்டது. பர்லி பிரபுவுக்குப் பத்துத் தங்கக் கட்டிகளைக் கொடுக்க அவன் முன்வந்தபோது, திருடிய பொருளைத் தம் மனச்சாட்சி ஏற்காது என்று அவர் மறுத்துவிட்டதாக மெண்டோசா தம் மன்னருக்கு எழுதினார். சஸ்ஸெக்ஸ் பிரபுவும் மறுத்தார். இந்த வரலாறு முழுவதிலும் இந்த இரண்டு மறுப்புகளைப் போல் என் மனத்தில் மதிப்புப் பெற்றவை வேறில்லை. ஆனால் 1581-ஆம் ஆண்டுப் பிறப்பன்று மகாராணி, டிரேக் அளித்த கிரீடத்தைத் தலையில் சூடி அவைக்கு வந்தார். அதில் ஐந்து மரகதங்கள். அவற்றுள் மூன்று சுண்டுவிரல் நீளம் என்று மெண்டோசா அளந்து எழுதியிருக்கிறார். பெருவின் மரகதம் இங்கிலாந்து ராணியின் நெற்றியில் ஒளிவிடுவதை, அதைத் திருப்பிக் கேட்க வந்த தூதர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, தேம்ஸ் நதிக்கரையில் டெப்ட்போர்டில் நிறுத்தியிருந்த கோல்டன் ஹைண்டுக்கு மகாராணியே விஜயம் செய்தார். கப்பலைக் காணத் திரண்ட ஜனங்களின் பாரம் தாங்காமல் மரப்பாலம் சரிந்து நூறு பேருக்கு மேல் சேற்றில் விழுந்தார்கள். ஒருவருக்கும் பெரிய காயமில்லை. விருந்து முடிந்ததும், டிரேக்கின் தலையை வெட்டப் பொன்முலாம் பூசிய வாள் ஒன்று தம்மிடம் இருப்பதாக மகாராணி வேடிக்கையாகச் சொல்லிவிட்டு, அந்த வாளை அருகே நின்ற மார்ஷோமோன் என்பவரிடம் கொடுத்து, முழந்தாளிட்டிருந்த டிரேக்கின் தோளைத் தொட்டு ‘சர்’ பட்டம் வழங்கச் சொன்னார். இந்த மார்ஷோமோன், மகாராணியை மணக்க விரும்பிய பிரெஞ்சு இளவரசர் ஆஞ்சு கோமகனின் பிரதிநிதி. அந்த ஒரே செய்கையில் கொள்ளைக்காரன் பிரபுவானான்; பிரான்சும் அதற்கு உடந்தையானதாக ஸ்பெயினின் கண்ணுக்குப் பட்டது; பட்டம் வழங்கிய கையோ மகாராணியுடையதல்ல. வீர தீரக் கதைகளை எழுதுவோர் டிரேக்கின் கடற்சாகசத்தையே வியந்து வியந்து எழுதுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்த நாளின் பெரிய சாகசக்காரர் மகாராணிதான்.

அந்தக் கதைகளில் இடம்பெறாத ஒருத்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கடலில் பிடித்த ஒரு ஸ்பானியக் கப்பலிலிருந்து மரியா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணை டிரேக்கின் ஆட்கள் கொண்டு வந்தார்கள். கப்பலிலேயே அவள் கருவுற்றாள். மலுக்குத் தீவுகளைக் கடந்ததும், செலிபஸ் அருகே ஆளில்லாத ஒரு தீவில், கறுப்பர் இருவரோடு அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். எலிசபெத்தின் காலத்தைப் புகழ்ந்தெழுதிய வரலாற்றாசிரியர் காம்டன் கூட அதை மனிதத்தன்மையற்ற செயல் என்று கண்டித்தார். டிரேக் பறித்த வெள்ளியும், பொட்டோசி மலைச் சுரங்கங்களில் கட்டாய வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்ட பழங்குடிகளின் உடலை உருக்கி ஸ்பானியர் எடுத்ததுதான். திருடனிடமிருந்து திருடிய பொருள் என்று இதைச் சொல்வோர் உண்டு. முதலில் அதற்கு உரியவர்கள் யாரென்று எந்த அவையிலும் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயணத்தில் ஒரு பவுன் போட்டவர்களுக்கு 47 பவுன் திரும்பக் கிடைத்ததாகச் சொல்லப்படுகிறது. அயல்நாட்டுக் கடன் முழுவதையும் அடைத்துவிட்டு, எஞ்சியதில் ஒரு பகுதியை மகாராணி லெவன்ட் கம்பெனி என்ற வியாபார ஸ்தாபனத்தில் முதலீடு செய்தார் என்று இருபதாம் நூற்றாண்டின் பொருளாதார அறிஞர் கெயின்ஸ் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். மெண்டோசா கேட்டது பெருமளவில் திரும்பவில்லை. மகாராணிக்கு எதிரான சதியில் கலந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டின்மேல் 1584-ஆம் ஆண்டு ஜனவரியில் அவரே நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். அடுத்த மூன்றாம் ஆண்டில், இங்கிலாந்தின் மேல் படையெடுக்க ஸ்பெயின் திரட்டிக்கொண்டிருந்த கப்பல்களைத் தேடி, டிரேக் காடிஸ் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்தான். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.