கியர்பாக்ஸ் ரப்பர் மாற்றியபின் வண்டி அதிர்கிறதா? ஷாஃப்டை மாற்றும் முன் கோணத்தைப் பாருங்கள்!

வெயில் ஏறத் தொடங்கினால் மதுராந்தகம், சித்தாமூர், லத்தூர் பக்கம் தர்பூசணி அறுவடை சூடுபிடித்துவிடும். பகலில் பறித்து, பொழுது சாய்ந்ததும் லோடு ஏற்றி, ஜி.எஸ்.டி. சாலை வழியாக விடிவதற்குள் கோயம்பேடு போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் வண்டி இரண்டு நாள் பட்டறையில் நின்றால், காய் வயலிலேயே கிடக்கும். கிடைக்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். இப்படி ஒரு நெருக்கடியில் வந்ததுதான் கீழே உள்ள கேள்வி.

''எங்களிடம் பழைய பிக்-அப் வண்டி இருக்கிறது. கியர் மாற்றும்போது 'டங்' என்று அடித்ததால், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பரை மாற்றினோம். அந்தச் சத்தம் நின்றுவிட்டது. ஆனால், 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் அதிர்கிறது. லோடு இருந்தால் புறப்படும்போதே உதறுகிறது. புரொப்பல்லர் ஷாஃப்டையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?''
- வாசகர், மதுராந்தகம்.

உடனே மாற்ற வேண்டாம் என்பதே சுருக்கமான பதில். ஒரு வேலை செய்த அன்றிலிருந்து ஒரு கோளாறு தொடங்கினால், முதலில் அந்த வேலையைத்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். நேற்று வரை ஒழுங்காகச் சுழன்ற ஷாஃப்ட், ரப்பர் மாற்றிய ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது. பெரும்பாலும் மாறியிருப்பது அது நிற்கும் கோணம், அல்லது திரும்பப் பூட்டிய முறை.

கூட்டுவதும் கழிப்பதும்!

பிக்-அப், மினி லாரி, ஜீப் போன்ற வண்டிகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் முன்பக்கம், ஓடுவது பின்சக்கரம். இடையில் சுழற்சியைக் கடத்துவது புரொப்பல்லர் ஷாஃப்ட். மேடு பள்ளத்தில் பின் ஆக்ஸில் ஏறி இறங்குவதால், ஷாஃப்டின் இரு முனையிலும் வளைந்து கொடுக்கும் 'கிராஸ்' மூட்டு இருக்கும். 16-ம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கார்டானோ, 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஹூக் ஆகிய இருவர் பெயராலும் இந்த மூட்டு இன்றைக்கும் அழைக்கப்படுகிறது.

இந்த மூட்டுக்கு ஒரு குணம் உண்டு. நேராக நின்றால் ஒரே சீராகச் சுற்றும். சாய்ந்து நின்றால், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். கியர்பாக்ஸ் நிமிடத்துக்கு 2,000 சுற்று சீராகச் சுற்றினாலும், மூட்டு 10 டிகிரி சாய்ந்திருந்தால், ஷாஃப்டின் வேகம் சுமார் 1,970-க்கும் 2,030-க்கும் இடையே ஏறி இறங்கும். சாய்வு குறைந்தால் இந்த ஏற்ற இறக்கமும் குறையும்.

இதைச் சமாளிக்கத்தான் இரண்டு கிராஸ். முன் கிராஸ் கூட்டியதைப் பின் கிராஸ் கழித்துவிடும். ஆனால், இரண்டு பக்கக் கோணமும் சமமாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

மவுண்டிங் ரப்பர்தான் கியர்பாக்ஸின் வால் எந்த உயரத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பழைய ரப்பர் அமுங்கிப்போயிருக்கும். புது ரப்பர் வந்ததும் வால் மேலே ஏறும். ஷாஃப்ட் 120 செ.மீ. நீளம் என்றால், வால் 1 செ.மீ. ஏறினாலே ஷாஃப்டின் சாய்வு ஏறத்தாழ அரை டிகிரி மாறும். கியர்பாக்ஸின் சாய்வும் சேர்ந்து மாறுவதால், முன் மூட்டின் கோணம் 1 டிகிரிக்கு மேல் மாறிவிடலாம். சரியான ரப்பர் என்றால் கோணம் பழைய, சரியான நிலைக்குத் திரும்பும். வேறு மாடல் ரப்பர் என்றால் கணக்கு கெடும்.

செலவில்லாத நான்கு சோதனைகள்

வாகனப் போக்குவரத்து இல்லாத, நேரான சாலையில் இதைச் செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை இதற்கு ஏற்ற இடமல்ல. துணைக்கு ஒருவர் இருந்தால் ஓட்டுபவர் சாலையைப் பார்க்கலாம். மற்றவர் அதிர்வைக் கவனிக்கலாம்.

1. வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை மெதுவாகக் கூட்டுங்கள். அப்போதே அதிர்ந்தால் ஷாஃப்டுக்குச் சம்பந்தமில்லை. அது சுற்றவே இல்லையே! மவுண்டிங் போல்ட் தளர்வு, சைலன்சர் சேஸிஸில் உரசுவது, இன்ஜின் ஒழுங்காக எரியாதது ஆகியவற்றைப் பாருங்கள்.

2. அதிர்வு வரும் வேகத்தில், அதே வேகத்தை வைத்துக்கொண்டு ஒரு கியர் மாற்றிப் பாருங்கள். அதிர்வு அப்படியே இருந்தால் ஷாஃப்ட் அல்லது சக்கரம். இன்ஜின் சுற்றோடு சேர்ந்து மாறினால் இன்ஜின், கிளட்ச் பக்கம்.

3. ஆக்சிலேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதிக்கும்போது கூடி, விட்டால் குறைந்தால் கோணத்தையும் கிராஸையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்து, வேகத்துக்கு ஏற்ப மட்டும் கூடினால் ஷாஃப்டின் பேலன்ஸ் அல்லது சக்கரம்.

4. லோடுடன் முதல் கியரில் புறப்படும்போது உதறினால், கோணம் கெட்டதற்கு அது முக்கியமான அடையாளம். இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டியில் நடுவிலுள்ள சென்டர் பேரிங் ரப்பரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சக்கரமா, ஷாஃப்டா என்பதை அதிர்வின் தன்மையே சொல்லிவிடும். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால், 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 8 முறை சுற்றும். கிரவுன் விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் 33 முறை சுற்றும். கோணக் கோளாறு சுற்றுக்கு இரண்டு முறை உதைப்பதால், நொடிக்கு 66 உதை. ஆகவே சக்கரக் கோளாறு எண்ணக்கூடிய ஆட்டமாக இருக்கும். முன்சக்கரமானால் ஸ்டீயரிங்கிலும் தெரியும். ஷாஃப்ட் அதிர்வு சீட்டிலும் தரையிலும் உறுமலாக வரும். வாசகர் சொல்வது இரண்டாவது வகை.

அடியில் என்ன பார்ப்பது?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சைலன்சர் ஆறும் வரை பொறுத்திருங்கள்.

* ரப்பர் அதே மாடலுக்கு உரியதா? பழையதையும் புதியதையும் அருகருகே வைத்து, உயரத்தையும் போல்ட் துளைகளையும் ஒப்பிடுங்கள். திருப்பிப் பூட்டியிருந்தாலும் உயரம் மாறும்.

* கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் அடியில் முன்பு வாஷர், தகடு ஏதாவது இருந்ததா? அதைத் திரும்பப் போடாமல் விடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

* ஜாக்கியில் தூக்கியிருக்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டார்களா? அப்படியானால் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, எடை முழுவதும் ரப்பரில் உட்கார்ந்த பிறகு முறுக்க வேண்டும்.

* ஷாஃப்டைக் கழற்றினார்களா? கழற்றும் முன் அடையாளம் போடாவிட்டால் பிளேஞ்ச் வேறு துளையில் பொருந்தியிருக்கலாம். நீளம் கூடிக் குறையும் வகை என்றால், ஒரு துண்டு ஷாஃப்டின் இரு முனையிலுள்ள கவைகளும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் கூட்டல் கழித்தல் கெட்டுவிடும். இரண்டு துண்டு ஷாஃப்டில் கம்பெனி போட்ட அம்புக்குறியைத்தான் பின்பற்ற வேண்டும்.

* நியூட்ரலில் வைத்து ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தாலோ, மூடியைச் சுற்றித் துருப்பொடி தெரிந்தாலோ கிராஸ் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பல வருடம் ஒரே கோணத்தில் ஓடிய கிராஸில் ஊசி பேரிங் பதிந்து தடம் விழுந்திருக்கும். கோணம் மாறியதும் அந்தத் தடம் தன்னைக் காட்டும். அப்போதும் கிராஸை மாற்றினால் போதும். முழு ஷாஃப்ட் தேவையில்லை.

* ஷாஃப்டில் காய்ந்த களிமண் ஒட்டியிருக்கிறதா? ஏரிப் பாசன வயல் வழியே வண்டி விடுகிறவர்கள் இதை முதலில் பார்க்கலாம். ஒரு பக்கம் கைப்பிடி மண் ஒட்டினாலே பேலன்ஸ் போய்விடும். கழுவினால் தீர்ந்துவிடும். ஷாஃப்டில் ஒட்டவைத்த சிறு இரும்புத் தகடு விழுந்திருந்தாலோ, ஜாக்கி பட்டு ஒடுங்கியிருந்தாலோ பேலன்ஸ் பார்க்க வேண்டும்.

ரசமட்டம் போதும்!

கோணம் அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. டிகிரி காட்டும் ரசமட்டமோ, செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியோ போதும். வண்டி நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் நிற்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும்படி தூக்கி அளந்தால் கணக்கு தவறாகும்.

கியர்பாக்ஸின் சாய்வு, ஷாஃப்ட் குழாயின் சாய்வு, பின் ஆக்ஸில் பிளேஞ்சின் சாய்வு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முன் கோணம். பின் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பின் கோணம். கியர்பாக்ஸ் 4 டிகிரி, ஷாஃப்ட் 6 டிகிரி, ஆக்ஸில் 4 டிகிரி, மூன்றும் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன என்றால் இரு கோணமும் தலா 2, சரி. கியர்பாக்ஸ் 2 டிகிரியானால் முன் கோணம் 4, பின் கோணம் 2, அதிர்வு வரும்.

ஒரு துண்டு ஷாஃப்டில் இரு கோணத்துக்கும் இடையே 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமலும், ஒவ்வொன்றும் 3 டிகிரியைத் தாண்டாமலும் இருப்பது பொதுவான அளவு. வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

பின்பக்கக் கோணத்தைப் பட்டைக் கட்டுதான் தீர்மானிக்கிறது. அதிக லோடுக்காகக் கூடுதல் பட்டை சேர்த்திருந்தாலோ, பட்டை படுத்திருந்தாலோ, புது ரப்பர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இந்த நிலையில் ஓட்டலாமா?

கிராஸில் ஆட்டம் தெரிந்தால், போல்ட் தளர்ந்திருந்தால், அதிர்வு நாளுக்கு நாள் கூடினால் லோடு ஏற்றவே கூடாது. வேகத்தில் முன் கிராஸ் உடைந்தால் ஷாஃப்டின் முன்முனை சாலையில் குத்தி வண்டியையே தூக்கி எறியலாம். அன்றைக்கு வாடகை வண்டி பிடித்துக் காயை அனுப்புவது நஷ்டம் அல்ல.

சின்ன கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்சக்கரம் ஓடும் கார்களில் நீள ஷாஃப்ட் கிடையாது. இரு பக்கமும் குட்டையான ஆக்ஸில் ஷாஃப்ட் இருக்கும். மவுண்டிங் மாற்றியபின் ஆக்சிலேட்டர் மிதித்தால் மட்டும் கார் உதறினால், இன்ஜின் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்பக்க ஜாயிண்டைப் பார்க்க வேண்டும். திரும்பும்போது 'டக் டக்' என்றால் வெளிப்பக்க ஜாயிண்ட்.

வாசகர் கேள்விகள்

வரப்போரம் திரும்பும்போது ரோட்டவேட்டரைத் தூக்கினால் பி.டி.ஓ. ஷாஃப்ட் கடகடவென்று அடிக்கிறது. என்ன செய்வது?

அதே கோணக் கணக்குதான். தூக்கும்போது மூட்டுகளின் சாய்வு கூடுகிறது. பி.டி.ஓ.-வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். உழும்போதும் அடித்தால், டாப் லிங்க் நீளத்தைச் சரிசெய்து, டிராக்டர் பி.டி.ஓ. முனையும் ரோட்டவேட்டர் முனையும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும்படி வையுங்கள். ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் போடாதீர்கள். நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் ஷாஃப்டில் துண்டோ வேட்டியோ சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது.

வளைந்த ஷாஃப்டை லேத் பட்டறையில் நிமிர்த்திக்கொள்ளலாமா?

பேலன்ஸ் மெஷின் உள்ள பட்டறையில் மட்டும் செய்யலாம். கண்ணால் பார்த்து நிமிர்த்தி வெல்டு வைத்தால் அதிர்வு தீராது. சில சமயம் கூடும்.

ரப்பர் மாற்றக் கொடுக்கும்போது மெக்கானிக்கிடம் என்ன சொல்ல வேண்டும்?

மூன்று விஷயம்: கழற்றும் முன் ஷாஃப்டிலும் பிளேஞ்சிலும் பெயின்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பழைய ரப்பரையும் எல்லா வாஷர்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போல்ட்டின் கடைசி முறுக்கு, வண்டியின் எடை இறங்கிய பிறகே நடக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.