பிளேஸ்டேஷனுக்கு வைத்தியம்!

குட்டி மெக்கானிக்குகளே! வீட்டுப் பரணில் சாம்பல் நிறத்தில், வட்ட மூடி போட்ட ஒரு பெட்டி கிடக்கிறதா? பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அது சோனி நிறுவனத்தின் முதல் பிளேஸ்டேஷனாக இருக்கலாம். ஜப்பானில் 1994 டிசம்பர் 3-ம் தேதி வெளியாகி, உலகம் முழுவதும் 10 கோடிக்கும் மேல் விற்றது அது.

உடனே பிளக்கில் செருகாதீர்கள்! முதலில் பின்பக்கம் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். ஜப்பானில் விற்றது 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அப்படியே செருகினால் கருகிவிடும்.

வோல்ட் சரியென்றால் சுவிட்சைப் போடுங்கள். நோய் எங்கே என்று திரையே சொல்லும். முதலில் வருவது வெள்ளைத் திரை. இதற்கு டிஸ்க் தேவையில்லை. உள்ளே இருக்கும் சிப்பிலேயே பதிந்திருக்கிறது. அதுவே வராவிட்டால் மின் ஒயர், டி.வி. ஒயர் இரண்டையும் பாருங்கள். அடுத்தது கறுப்புத் திரை. டிஸ்கைப் படித்த பிறகுதான் இது வரும். வெள்ளை வந்து கறுப்பு வரவில்லையா? கோளாறு டிஸ்கில் அல்லது லென்ஸில். வேறு டிஸ்க் போட்டால் எதில் என்று தெரிந்துவிடும்.

இந்த டிஸ்கின் அடிப்பக்கம் கறுப்பாக இருக்குமே, ஒளி எப்படிப் புகும்? நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. லேசரோ கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, தாராளமாகப் புகுந்துவிடும்.

டிஸ்கை மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. தகவல்கள் சுருள் பாதையில் வரிசையாக இருக்கின்றன. குறுக்கே கீறல் விழுந்தால் கொஞ்சம்தான் போகும். விட்டதை இயந்திரம் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். பாதையோடு விழுந்தால் தொடர்ந்து நிறைய போய்விடும்.

லென்ஸில் தூசியா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் பூப்போல் துடையுங்கள். அழுத்தினால் லென்ஸைத் தாங்கும் மெல்லிய கம்பிகள் வளைந்துவிடும். மூடியைத் திறந்தால் லேசர் நிற்க ஒரு சிறு சுவிட்ச் உண்டு. தீக்குச்சி செருகி அதை ஏமாற்றும் சூரர்கள் இருக்கிறார்கள். வேண்டாம்! தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது, பார்வை பாழாகும்.

ஆரம்ப மாடல்களில் இன்னொரு வியாதி. லென்ஸ் நகரும் தண்டவாளம் பிளாஸ்டிக். சூட்டிலும் உராய்விலும் தேய்ந்து லென்ஸ் சாய்ந்துவிடும். ரசிகர்கள் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தே விளையாடினார்கள்! பின்னர் வந்த மாடல்களில், சூடாகும் மின்பகுதியிலிருந்து லென்ஸைத் தள்ளி வைத்தது சோனி. தேய்ந்ததை மாற்றுவது மெக்கானிக் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்பகுதியில் மின்சாரம் தங்கியிருக்கும். திருகைக் கழற்றாதீர்கள்.

லென்ஸ் போனாலும் ஒன்று பார்க்கலாம். டிஸ்க் இல்லாமல் சுவிட்சைப் போடுங்கள். மெமரி கார்டைக் காட்டும் பக்கம் வரும். அதன் கொள்ளளவு 128 கிலோபைட்தான், 15 கட்டங்கள். அதில் மாமாவோ அக்காவோ பாதியில் விட்ட ஆட்டம் இன்னும் இருக்கலாம். அவர்களைக் கேட்காமல் அழித்துவிடாதீர்கள்!