இளம் வான்கோழிச் சேவலைச் சுடலாமா?

வான்கோழியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தோகையை விசிறிபோல் விரித்து, இறக்கைகள் தரையில் உரச, கழுத்துச் சதை சிவக்க அது நடந்து வரும்போது குழந்தைகள் ஓடி ஒளிவதுண்டு. நம் ஊர்ப் பண்ணைகளில் வளரும் இந்தப் பறவையின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவின் பழங்குடி மக்கள் அதைப் பழக்கி வளர்த்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றார்கள். பின்னர் உலகெங்கும் பரவியது.

ஆனால் வட அமெரிக்கக் காடுகளில் இன்றும் அது காட்டுப் பறவைதான். இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் உறங்கும். ஆபத்து வந்தால் விரைந்து பறந்துவிடும். அந்நாட்டில் இளவேனிற் காலத்தில் உரிமம் பெற்றவர்கள் இதை வேட்டையாடச் சட்டம் அனுமதிக்கிறது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவது குற்றம். ஆகவே நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். எனினும், அந்த வேட்டைக்காரர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு விவாதத்தில் அருமையான அறிவியல் பாடம் ஒன்று இருக்கிறது.

விவாதம் இதுதான்: ஒரு வயதே ஆன இளஞ்சேவலைச் சுடலாமா, கூடாதா?

யார் இந்த ‘ஜேக்’?

இளஞ்சேவலுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் ‘ஜேக்’. சென்ற கோடையில் பொரித்த குஞ்சுதான் இந்த இளவேனிலில் ஜேக்காக நிற்கிறது. முதிர்ந்த சேவலிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது? மூன்று அடையாளங்கள் உண்டு.

முதலாவது தாடி. வான்கோழிச் சேவலின் மார்பிலிருந்து குதிரைமயிர்போல ஒரு கற்றை தொங்கும். உண்மையில் அது இறகின் ஒரு வகையே. ஜேக்கின் தாடி சுமார் 10 சென்டிமீட்டர்தான். முதிர்ந்த சேவலுக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். இரண்டாவது கால்முள். ஜேக்குக்கு அது வெறும் மொட்டு. முதிர்ந்ததற்குக் கூரிய முள். மூன்றாவது தோகை. முதிர்ந்த சேவலின் தோகை ஒரே சீரான வளைவாக விரியும். ஜேக்கின் தோகையில் நடு இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டு, மேடுபோலத் தெரியும்.

சுட்டால் என்ன?

‘சுடலாம்’ என்போரின் வாதத்தை முதலில் கேட்போம். வான்கோழிகளில் ஒரு சேவல் பல பெட்டைகளுடன் இணைசேரும். பெட்டையின் உடலில் விந்தணுக்களைச் சேமித்து வைக்கும் நுண்குழாய்கள் உள்ளன. ஒருமுறை இணைசேர்ந்தால் போதும், பல வாரங்கள் வரை கருவுற்ற முட்டைகளை இட முடியும். ஒரு பெட்டை சுமார் 10 முதல் 12 முட்டைகள் இட்டு, 28 நாட்கள் அடைகாக்கிறது. சேவலுக்கு அடைகாப்பதிலோ குஞ்சு வளர்ப்பதிலோ பங்கே இல்லை!

மேலும், இணைசேர்வதில் பெரும்பகுதி வலிமை மிக்க முதிர்ந்த சேவல்களுக்கே கிடைக்கிறது. அவை இருக்கும்போது ஜேக்குகள் அருகே நெருங்கவும் முடிவதில்லை. அப்படியானால் சில ஜேக்குகள் குறைவதால் குஞ்சுகளின் எண்ணிக்கை குறையாது அல்லவா?

விட்டால் என்ன?

‘சுடக்கூடாது’ என்போர் கேட்கும் கேள்வி எளியது: இந்த ஆண்டு ஜேக் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு முதிர்ந்த சேவல் எங்கிருந்து வரும்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நாமே வைத்துக்கொண்டவை. ஒரு காட்டில் 100 ஜேக்குகள் இருப்பதாகக் கொள்வோம். வேட்டைக்குப் பின் அடுத்த இளவேனிலுக்குள் நோய், நரி, கொயோட் முதலியவற்றால் 100க்கு 30 இறப்பதாகவும் கொள்வோம். வேட்டையே இல்லையானால் 70 மிஞ்சும். 30 ஜேக்குகளைச் சுட்டால் மீதி 70. அவற்றில் 21 இறக்க, 49 மிஞ்சும். வேறுபாடு 21. அதாவது, காப்பாற்றிய 30இல் 21 தான் முதிர்ந்த சேவலாகிறது. விட்டுவைத்ததெல்லாம் கைக்கு வராது; ஆனால் பெரும்பகுதி வரும்.

ஆனால் ஒரு சிக்கலும் உண்டு. ஜேக்கைத் தொடாத வேட்டைக்காரர் வெறுங்கையுடன் வீடு திரும்புவாரா? அதற்குப் பதிலாக ஒரு முதிர்ந்த சேவலைச் சுட்டால், ஒரு பக்கம் சேமித்ததை மறுபக்கம் செலவழித்ததாகும். எனவே ஜேக்கைக் காப்பதுடன், ஒருவர் எத்தனை சேவல் சுடலாம் என்ற வரம்பும் சேர்ந்தால்தான் பயன் கிடைக்கும்.

அண்ணன் தம்பிக் கூட்டு

ஜேக்குகள் பெரும்பாலும் தனியே திரிவதில்லை. உடன்பிறந்த சேவல்கள் குஞ்சுப் பருவத்திலிருந்தே கூட்டாக இருக்கும். வளர்ந்த பின்னும் பெட்டைகளின் முன் சேர்ந்தே தோகை விரிக்கும். ஆனால் இணைசேர்வது அவற்றில் தலைமைச் சேவல் மட்டுமே. மற்றது எதற்காக வீணே ஆடுகிறது?

கலிபோர்னியாவில் காட்டு வான்கோழிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. துணையில்லாத சேவலுக்குச் சராசரியாக 0.9 குஞ்சுகளே கிடைத்தன. தம்பியின் துணைபெற்ற தலைமைச் சேவலுக்கோ அதைவிட 6.1 குஞ்சுகள் கூடுதலாகக் கிடைத்தன. இருவருக்கும் பொதுவான மரபணுப் பங்கு சராசரியாக 0.42. இரண்டையும் பெருக்கினால் சுமார் 2.6. தனியே முயன்றிருந்தால் கிடைத்திருக்கும் 0.9ஐ விட இது அதிகம்! தனக்கென ஒரு குஞ்சும் இல்லாமலேயே, அண்ணனின் குஞ்சுகள் வழியாகத் தம்பியின் மரபணுக்கள் அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. இணைசேராத சேவல் எல்லாம் உபரி என்று சொல்லிவிட முடியாது என்பது இதிலிருந்து விளங்குகிறது.

அழிவின் விளிம்பிலிருந்து

இந்த விவாதத்தில் ஏன் இவ்வளவு அக்கறை? காடழிப்பாலும் வரம்பற்ற வேட்டையாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பறவை பல மாநிலங்களில் அடியோடு மறைந்தது. 1937இல் வந்த ஒரு சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்குத் திருப்பியது. பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள்; அவை பிழைக்கவில்லை. 1950களில் பீரங்கிபோல் பாய்ந்து விழும் வலைகளால் காட்டுப் பறவைகளையே பிடித்து, புதிய காடுகளில் விட்டார்கள். அவை பெருகின. இன்று அலாஸ்கா தவிர 49 மாநிலங்களிலும் காட்டு வான்கோழி உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் தொகை 60 லட்சத்தைத் தாண்டியது. அதன்பின் தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் மீண்டும் சரிவு தென்பட்டது.

மிசிசிப்பி மாநிலம் 1998இலேயே ஜேக் வேட்டைக்குத் தடை விதித்தது. தாடி சுமார் 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள அளவுகோல். ஆர்கன்சாஸ் 2011இல் தடை விதித்தது. இரண்டிலுமே சிறுவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. வேறு பல மாநிலங்களில் ஜேக்கைச் சுடுவதற்குத் தடையில்லை.

விடை என்ன?

ஜேக்கைக் காப்பதால் சேவல்களின் வயது அமைப்பு மாறும், முதிர்ந்தவை கூடும். ஆனால் மொத்த எண்ணிக்கையை முடிவு செய்வது சேவல் அல்ல, பெட்டையும் கூடும்தான். தரையில் இட்ட முட்டைகளை ரக்கூனும் பாம்பும் காகமும் தின்கின்றன. பொரித்த குஞ்சு முதல் சில நாட்களில் பறக்க இயலாது. அந்நாட்களில் அதற்குப் பூச்சிகள் நிறைந்த புல்வெளி வேண்டும். ஒளிந்துகொள்ளப் புதர் வேண்டும். முதல் சில வாரங்களிலேயே பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகள் மடிந்துவிடுகின்றன. இந்த இழப்பை எந்த ஜேக் தடையும் ஈடுசெய்யாது.

ஆகவே, பறவைகள் மலிந்த காட்டில் சில ஜேக்குகளை எடுப்பதால் கேடு குறைவு. குஞ்சு பொரிப்பு பொய்த்த ஆண்டிலும், எண்ணிக்கை சரியும் இடத்திலும், ஜேக்கை விட்டுவைப்பதே அறிவுடைமை. அது எந்த ஆண்டு என்று எப்படி அறிவது? அதையும் ஜேக்குகளே சொல்லும். இளவேனிலில் நிறைய ஜேக்குகள் கண்ணில் பட்டால், சென்ற கோடையில் குஞ்சுகள் நன்றாகப் பிழைத்தன என்று பொருள். ஒன்றும் தென்படாவிட்டால், அது எச்சரிக்கை மணி!

மாணவர்களே, நாம் போட்ட கணக்கில் இயற்கை இறப்பை 100க்கு 50 என்று மாற்றிப் போட்டுப் பாருங்கள். 30 ஜேக்குகளைக் காத்தால் அடுத்த ஆண்டு எத்தனை மிஞ்சும்? அந்தக் காட்டில் நீங்கள் அதிகாரியாக இருந்தால், துப்பாக்கிக்குத் தடை போடுவீர்களா, அல்லது முதலில் புல்வெளியைச் சீராக்குவீர்களா?