பேஸ்மென்றில் தண்ணீரா? முதலில் கூரை ஓரத்தைப் பாருங்கள்

மார்ச் மாதம் ஸ்னோ உருகத் தொடங்கினால் ஸ்காபரோவில் வீட்டுக்கு வீடு ஒரே முறைப்பாடுதான்: பேஸ்மென்ற் சுவர் நனைகிறது, கார்ப்பெற் நாறுகிறது. உடனே ஈரமகற்றும் இயந்திரம் வாங்குகிறார்கள். அத்திவாரத்தைத் தோண்டி வாட்டர்புரூஃப் செய்ய ஆயிரக்கணக்கான டொலர் எடுத்துவைக்கிறார்கள். வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்ப்பவர் மிகக் குறைவு. பார்த்தால், பீலியிலிருந்து இறங்கும் குழாயின் கடைசி முழங்கை கழன்று கிடக்கும். கூரைத் தண்ணீர் முழுவதும் சுவரடியிலேயே கொட்டிக்கொண்டிருக்கும். 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 2,500 லீற்றர் தண்ணீர். அது எங்கே போகும் என்று நினைத்தீர்கள்?

பீலியை வருடத்தில் இரண்டு தடவையாவது துப்புரவாக்க வேண்டும். மேப்பிள் இலை முழுதும் கொட்டியபின், கடும் உறைகுளிருக்கு முன், நவம்பரில் ஒரு தடவை. வசந்தத்தில் மேப்பிள் விதைகள் விழுந்து முடிந்ததும் இன்னொரு தடவை. சோதிக்க நல்ல நேரம் மழை பெய்யும்போதுதான். குடையோடு வெளியே நில்லுங்கள். தண்ணீர் பீலியின் விளிம்பைத் தாண்டி வழிகிறதா, பீலிக்கும் அது அறைந்திருக்கும் பலகைக்கும் இடையால் ஒழுகுகிறதா, இறங்குகுழாயின் வாயில் வருகிறதா என்று பாருங்கள். பீலி நிறைந்திருந்தும் குழாயில் தண்ணீர் வராவிட்டால் உள்ளே அடைப்பு. பலகையைக் கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளே போனால் அது உக்கிவிட்டது. பலகையை மாற்றாமல் பீலியை மட்டும் திரும்ப அறைவது வீண் வேலை.

அடுத்தது சட்டம். ரொறன்ரோவில் கூரைத் தண்ணீரை நேரே கழிவுநீர்க் குழாயில் விடுவதற்குத் தடை உண்டு. 2011இல் பழைய நகரப் பகுதிகளில் தொடங்கி, 2016க்குள் நகரம் முழுவதற்கும் வந்துவிட்ட விதி இது. இன்னமும் எத்தனையோ வீடுகளில் இறங்குகுழாய் நிலத்துக்குள்ளேயே போகிறது. செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. நிலத்திலிருந்து மேலே நிற்கும் குழாய்வாய்க்கு ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் மேலே இறங்குகுழாயை வெட்டுங்கள். நிலத்துக் குழாயின் வாயை ரப்பர் மூடியால் மூடி உலோகப் பட்டியால் இறுக்குங்கள். வெட்டிய முனையில் முழங்கை பூட்டி, நீட்டுக்குழாயை அத்திவாரத்திலிருந்து 2 மீற்றர் தள்ளிக் கொண்டுபோங்கள். நடைபாதையிலோ அயலவர் காணியிலோ விடக்கூடாது. நடைபாதையில் விட்டால் இரவோடிரவாக அது ஐஸ் ஆகும். அதில் விழுபவர் உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

வெட்டவே வழியில்லாத இடமென்றால் சும்மா விட்டுவிடாதீர்கள். விலக்குக் கேட்டு மாநகரசபைக்கு விண்ணப்பிக்கலாம். 311க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் பக்வோட்டர் வால்வ், தேங்கும் நிலத்தடி நீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் ஆகியவற்றைப் பூட்ட நகரம் தரும் மானியமும் இதோடு சேர்ந்ததுதான்: இறங்குகுழாயைத் துண்டிக்காமலும் விலக்குப் பெறாமலும் இருக்கும் வீட்டுக்கு அந்த மானியம் இல்லை. வேலை முடித்து, பணமும் கட்டியபிறகு இதை அறிந்து தலையில் கைவைப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. நிபந்தனையை முதலில் வாசியுங்கள், வேலைக்காரரை அதன்பிறகு கூப்பிடுங்கள். மார்க்கம், பிரம்ப்டன்வாசிகள் தங்கள் நகரசபையிடம் தனியே கேட்கவேண்டும். ரொறன்ரோ விதி அங்கே செல்லாது.

குளிர்காலத்தில் பீலியில் ஐஸ் பிடித்தபின் ஏணி வைக்காதீர்கள். கோடரியால் கொத்தாதீர்கள், உப்பைக் கொட்டாதீர்கள். ஷிங்கிள் உடையும், அலுமினியம் அரித்துப்போகும். அந்த ஐஸுக்கு மூலகாரணம் பெரும்பாலும் கூரைக்குக் கீழே இருக்கிறது. வீட்டுச் சூடு அற்றிக்குள் கசிந்து மேலேயுள்ள ஸ்னோவை உருக்க, அந்தத் தண்ணீர் குளிர்ந்த கூரை ஓரத்துக்கு வந்து மறுபடி உறைகிறது. அதற்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியால் சீலிங்குக்கு இறங்குகிறது. குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா, அற்றிக்குள்ளேயே முடிகிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அற்றிக்குள்தான் முடிகிறது. இடைவெளிகளை அடைத்து இன்சுலேஷனைக் கூட்டுவதே மருந்து. அதுவரை நீண்ட பிடியுள்ள கூரை வாரியால் நிலத்தில் நின்றபடி ஸ்னோவை இழுத்துவிடுங்கள். மின்கம்பிக்கு 3 மீற்றருக்குள் போகவேண்டாம். திரும்பவும் சொல்கிறேன்: ஐஸ் இருக்கும்போது ஏணி வேண்டாம்.

கதவைத் தட்டி "பக்கத்து வீட்டில் வேலை செய்கிறோம், உங்களுக்கும் மலிவாய்ச் செய்து தருகிறோம்" என்பவரிடம் அந்த நேரத்திலேயே கையெழுத்து வைக்காதீர்கள். வைத்துவிட்டாலும் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டு வாசலில் செய்த 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, எழுத்துப் பிரதி கைக்கு வந்த 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். ரத்தை வாய்ப்பேச்சில் சொல்லாமல் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் மதிப்பீடு குறித்திருந்தால், நீங்கள் சம்மதிக்காமல் அதற்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாகக் கேட்க முடியாது. கூரையேறும் ஆளிடம் வேலையிடக் காப்புறுதிச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யின் கிளியரன்ஸ் சான்றும் பொறுப்புக் காப்புறுதியும் கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

உங்கள் வீட்டுக் காப்புறுதியையும் எடுத்துப் பாருங்கள். கழிவுநீர் திரும்பி வருவதற்கும் வெள்ளம் புகுவதற்கும் பெரும்பாலும் தனித்தனியே மேலதிக காப்பு எடுக்கவேண்டும். மெல்லமெல்லக் கசிந்த சேதத்துக்குக் காசு கிடைப்பது அரிது. பீலி துப்புரவாக்கிய பற்றுச்சீட்டையும், திகதி விழுந்த படங்களையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

பேஸ்மென்றில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு: பீலி பராமரிப்பு வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. "அண்ணை, தண்ணி வருது" என்று படிக்கட்டில் சொல்வது போதாது. எழுத்தில், படத்தோடு அனுப்புங்கள். திருத்தாவிட்டால் 311இல் முறையிட்டு நகரப் பரிசோதகரை வரச்செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் வீட்டு உரிமையாளர்-வாடகையாளர் சபையில் பராமரிப்புக் குறையை முறையிடும் டி6 படிவம் கொடுங்கள். பிரச்சினை நடந்து ஒரு வருடத்துக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். இடையில் கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள்; நிறுத்தினால் உங்களை எழுப்புவதற்கு அவரிடம் சட்டக் காரணம் கிடைத்துவிடும்.